வாசகர் கேள்வி–பதில்: மார்கழி மிருதங்கமும் விருப்பு வாக்கும்

கே: திருவெம்பாவைப் பூசைக்கு வாசிக்கும் மிருதங்கம், மழை தொடங்கினால் சுருதி இறங்குகிறது. அடுப்படியில் காயவைக்கலாமா? – வாசகி, உப்புவெளி

ப: கூடவே கூடாது. ஈரக்காற்றில் தோல் தளர்கிறது. சூட்டில் சடுதியாக இறுகினால் வலந்தலையில் (வலப்பக்க முகம்) பூசிய சாதம் என்னும் கரும்பசை வெடித்து உதிரும். விளிம்புப் பின்னலை மேலிருந்து கீழாக, சுற்றிவரச் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கமே தட்டினால் நாதம் கோணும். வாசித்த கையோடு தொப்பியில் (இடப்பக்க முகம்) ஒட்டிய ரவைப் பசையைச் சுரண்டித் துடையுங்கள், விட்டால் பூஞ்சணம்தான். பொலித்தீன் உறை ஈரத்தை அடைத்து வைக்கும், பருத்தித் துணியே போதும்.

கே: 2024 ஜனாதிபதித் தேர்தலில் புள்ளடி (X) மட்டும் போட்டேன். இரண்டாம் எண்ணிக்கையில் என் வாக்கு சேர்ந்ததா? – வாசகர், மூதூர்

ப: வாக்கு செல்லுபடியானது. ஆனால் உங்கள் ஆள் முதலிருவரில் இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிட்டது. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காதபோது, மற்றவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு உள்ள 2ஆம், 3ஆம் விருப்புகளைத்தான் பார்ப்பார்கள். அடுத்தமுறை 1, 2, 3 என்று எழுதுங்கள். கைக்கு வந்த உரிமையை ஏன் வெறுமையாக விடுவான்?