அமெரிக்காவில் ‘பிரெப் ஸ்கூல்’ என்கிறார்களே, அது எப்படிப்பட்ட பள்ளி? படிப்பும் விளையாட்டும் அங்கே எப்படி இருக்கும்?

பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் கணக்குத் தாள்களை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்ற சிற்றூரில் இருக்கும் பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமிதான் அது. ஒரு முறை நேரில் போயும் பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

பிரெப் என்பது ‘பிரிபரேட்டரி’யின் சுருக்கம். கல்லூரிக்குத் தயார் செய்யும் தனியார் பள்ளி. எக்ஸெட்டரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள், பெரும்பாலான பிள்ளைகள் ஹாஸ்டலில். (இங்கிலாந்தில் இதே சொல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளின் பள்ளியைக் குறிக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பழைய காலத்தில் இந்தத் ‘தயார் செய்வது’ எப்படி இருந்தது என்பதற்கு ஆபிரகாம் லிங்கனின் மூத்த மகன் ராபர்ட்டே உதாரணம். 1859-ல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதி, 16 பாடங்களில் 15-ல் தோற்றார். எக்ஸெட்டரில் ஒரு வருடம் படித்தார், அடுத்த வருடமே ஹார்வர்டில் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடைவெளியில், 1860-ல், அப்பா லிங்கன் மகனைப் பார்க்க எக்ஸெட்டருக்கு வந்து போனார். அப்போது அவர் இன்னும் ஜனாதிபதி ஆகவில்லை.

பள்ளியைத் தொடங்கியவர் ஜான் பிலிப்ஸ் என்ற வணிகர், வருடம் 1781. அதற்கு மூன்று வருடம் முன்பே அவருடைய அண்ணன் மகன் சாமுவேல் பிலிப்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். அதற்கும் சித்தப்பா பணம் கொடுத்தவர்தான். எக்ஸெட்டருக்கு அவர் எழுதிய கொடைப் பத்திரத்தில், அறிவில்லாத நற்குணம் பலவீனமானது, நற்குணமில்லாத அறிவோ ஆபத்தானது என்று ஒரு வரி வரும். இன்றும் அங்கே எல்லோரும் சொல்லிக்கொள்ளும் வரி அது. 1970 வரை பையன்கள் மட்டுமே படித்தார்கள். முதன்மைக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே ‘பையன்களே, ஆண்மக்களாக ஆவதற்கு இங்கே வாருங்கள்’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி இருந்தது. பெண்பிள்ளைகள் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, 1996-ல்தான், பையன்களையும் பெண்களையும் சேர்த்து அழைக்கும் இன்னொரு லத்தீன் வரியைப் பொறித்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பள்ளியின் உண்மையான பிறந்த வருடம் 1930. ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பங்குகளால் செல்வந்தரான குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்க்னஸ், பள்ளிக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: பாடம் நடத்தும் முறையே மாற வேண்டும். ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். சராசரிப் பையனும், அதற்குக் கீழே இருப்பவனும் கூச்சமில்லாமல் வாய் திறந்து ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல வேண்டும். இதுதான் அவர் கேட்டது. அந்தப் பணத்தில் வகுப்பறைகள் கட்டினார்கள், கூடுதலாக ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள், நீள்வட்ட மேசைகள் போட்டார்கள். ஒரு மேசைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பேர், ஓர் ஆசிரியர். கடைசி பெஞ்ச் என்று ஒன்றே கிடையாது. இன்றைக்கும் கணக்கு, வரலாறு, இலக்கியம் எல்லாம் அந்த மேசையில்தான் நடக்கின்றன.

கணக்குப் பாடத்துக்கு அங்கே பாடப்புத்தகம் இல்லை. ஆசிரியர்களே சேர்ந்து எழுதிய கேள்வித் தொகுப்புகள்தான். அல்ஜீப்ரா ஒரு அத்தியாயம், ஜியோமெட்ரி ஒரு அத்தியாயம் என்று பிரித்திருக்க மாட்டார்கள், எல்லாம் கலந்தே வரும். எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிள்ளைகள் முதல் நாள் இரவு தாங்களே முட்டி மோதிப் போட்டுப் பார்த்து, மறுநாள் போர்டில் எழுதி விளக்க வேண்டும். தொகுப்புகளைப் பள்ளியின் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நான் இறக்கி அச்செடுத்த தொகுப்பில் முதல் கேள்வி, சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது. என் பிள்ளைகள் 500 விநாடி என்று உடனே போட்டுவிட்டார்கள். இரண்டாவது கேள்வியில்தான் நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு நூறு கோடி வரை எண்ண எவ்வளவு காலம் பிடிக்கும்? முதலில் ஊகத்தை நோட்டில் எழுது, பிறகு யோசித்துப் பதில் சொல்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டுப் பேர். நான் வாய் திறக்கவில்லை. ஒருவன் எண்ணுக்கு ஒரு விநாடி வைத்து, கிட்டத்தட்ட 32 வருடம் என்றான். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். ஆறு மாதமாக என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்காத ஒரு பெண், ‘சார், எழுபத்து மூன்று கோடியே நாற்பத்து இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து நூத்தி எண்பத்தொன்பதுன்னு சொல்லிப் பாருங்க, ஒரு செகண்ட்ல முடியாது’ என்றாள். உடனே ஒருவன் கடிகாரத்தை எடுத்தான். ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஏழு விநாடி வந்தது. நூறு கோடிக்குள் பெரும்பாலான எண்கள் ஒன்பது இலக்கம்தானே என்று அவளே சொல்லி, 220 வருடத்துக்கு மேல் என்று கணக்கை முடித்தாள். இங்கிலீஷில் எண்ணினால் குறையுமா என்று ஒரு சண்டை வேறு. அன்றைக்கு நான் சாக்பீஸைக் கையில் எடுக்கவே இல்லை.

பாஸ்டனில் தங்கை மகன் இருக்கிறான். ஒரு கோடையில் அங்கே போயிருந்தபோது நார்த் ஸ்டேஷனில் டவுன்ஈஸ்டர் ரயில் பிடித்து எக்ஸெட்டருக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தே பள்ளிக்குப் போய்விடலாம். நூலகத்துக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே நடுக்கூடத்தின் நான்கு பக்கமும் கான்கிரீட்டில் பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள், அந்த வட்டங்களுக்குள் அடுக்கடுக்காகப் புத்தகங்கள். வடிவமைத்தவர் லூயி கான், நம் அகமதாபாத் ஐஐஎம் கட்டடங்களைப் படைத்த அதே மனிதர். ஜன்னல் ஓரங்களில் ஆளுக்கொன்றாக மர மேசைகள். ஒவ்வொன்றுக்கும் நேராகச் சின்ன ஜன்னல், அதற்கு ஒரு மரத் தடுப்பு. வெளிச்சம் வேண்டுமானால் திறக்கலாம், தனிமை வேண்டுமானால் மூடலாம். படிக்கிற பிள்ளையின் கை எங்கே போகும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார். 1971-ல் கட்டி முடித்தபோது, ஒரு நாள் வகுப்புகளை நிறுத்திவிட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கையால் சுமந்து வந்து சேர்த்தார்களாம்.

சரி, விளையாட்டு. அங்கே அது விருப்பப் பாடம் மாதிரி இல்லை, எல்லோரும் ஏதாவது ஒன்றில் இறங்கியே ஆக வேண்டும். ஊரை ஒட்டி ஸ்குவாம்ஸ்காட் ஆறு ஓடுகிறது. கடல் ஏற்றவற்றம் உள்ள அந்த ஆற்றில்தான் படகோட்டப் பயிற்சி. பெரிய திருவிழா என்றால் ஆண்டோவருடன் நடக்கும் போட்டிகள். 1878-லிருந்து சித்தப்பா பள்ளியும் அண்ணன் மகன் பள்ளியும் கால்பந்தில் மோதுகின்றன (அமெரிக்கக் கால்பந்து, நம் ஃபுட்பால் இல்லை). இவர்கள் சிவப்பு, அவர்கள் நீலம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் கூடுதலாக ஒரு வருடம் படிக்கவும் சிலரைச் சேர்ப்பார்கள், ‘பிஜி’ என்று பெயர். கூடைப்பந்து வீரர் டங்கன் ராபின்சன் அப்படி ஒரு வருடம் எக்ஸெட்டரில் இருந்துவிட்டு, சிறிய கல்லூரி ஒன்றில் ஆடி, பிறகு என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக் வரை போனார்.

செலவு? ஹாஸ்டலோடு வருடத்துக்கு 60,000 டாலரைத் தாண்டும். ஆனால் பள்ளியின் அறக்கொடை நிதி நூறு கோடி டாலருக்கு மேல். 2007-ல், குடும்ப வருமானம் 75,000 டாலருக்குள் இருந்தால் கட்டணமே வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2021-ல், சேர்க்கையின்போது பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதையே நிறுத்துவதாகச் சொன்னார்கள். பெற்றோர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் ஒருவர் பல வருடங்களுக்கு முன்பு மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தது 2016-ல் வெளியே வந்தது, அதன் பின் மேலும் சிலர் மீதான புகார்களும் வந்தன. பள்ளி ஒப்புக்கொண்டு விசாரணை வைத்தது. எந்த ஹாஸ்டல் பள்ளியாக இருந்தாலும், பிள்ளை யாரிடம் போய்த் தன் கஷ்டத்தைச் சொல்லும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளையை அங்கே அனுப்பும் எண்ணம் இல்லையென்றாலும் கணக்குத் தொகுப்பை இறக்கிப் பாருங்கள். ‘மேத் 1’ என்று இருக்கும், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாக வரும். ஒரு நாளைக்கு நான்கைந்து கேள்வி போதும். பிள்ளை திணறும்போது பத்து நிமிடமாவது நீங்கள் பேசாமல் இருங்கள். எனக்கு அது பழகவே ஒரு வருடம் ஆனது.