குழாய்த் தண்ணீரில் குளோரின்: செடி தாங்கும், மீன் தாங்காது

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: பால்கனியில் கறிவேப்பிலைக்கும் அந்தூரியத்துக்கும் இலை நுனி கருகுகிறது, தொட்டித் தண்ணீரை மாற்றிய அன்றே கப்பி மீன்களில் பாதி செத்துவிட்டன, இரண்டுக்கும் குளோரின்தான் காரணமா, தண்ணீரை வாளியில் ஒரு இரவு பிடித்து வைத்தால் சரியாகுமா?

மீனுக்கு அநேகமாக ஆம். செடிக்கு அநேகமாக இல்லை.

களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தலேயில் சுத்திகரித்து அனுப்பும்போது, குழாய்களில் கிருமி வளராதிருக்கக் கொஞ்சம் குளோரினையும் விட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தச் சிறு அளவு பூச்சாடியில் விழுந்ததும் மேல் மண்ணில் உள்ள மக்கிய குப்பையோடு சேர்ந்து குளோரைடாக மாறிவிடும், வேர்வரை போவது அபூர்வம். மேல் மண்ணில் கொஞ்சம் நுண்ணுயிர் செத்தாலும் சீக்கிரம் திரும்பப் பெருகிவிடும்.

அப்போ நுனி ஏன் கருகுகிறது? நான் முதலில் சந்தேகப்படுவது உப்பை. உங்கள் பால்கனி கடலைப் பார்த்திருந்தால் காற்றிலேயே உப்பு வந்து இலையில் படியும். போதாததற்கு, கழுவாத தும்புச்சோற்றில் (தென்னை நார்த் துகளில்) உப்பு இருக்கும், பசளையும் கூடினால் உப்புத்தான். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடித்துளையால் நன்றாக வழியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள், அதே குழாய்த் தண்ணீர் போதும். இலைகளையும் அடிக்கடி கழுவிவிடுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புதுத் தளிரைப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம்.

மீன் கதை வேறு. குளோரின் செவுளின் மெல்லிய தோலை நேரடியாக அரிக்கும், மீன் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறைவானதுகூடப் பல மீன்களுக்கு ஆபத்து, அதாவது நாம் தயங்காமல் குடிக்கும் தண்ணீர் அவற்றுக்கு விஷம். வாய் அகன்ற வாளியில், மூடாமல், வெயில் படுகிற இடத்தில் ஒரு நாள் வைத்தால் பெரும்பகுதி போய்விடும், காற்றுக் குமிழி விடும் மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரம். மூடிய பீப்பாயில் இரவு முழுக்க வைத்தும் பெரிதாகப் பயனில்லை. அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி, பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கலந்தது, நிமிடங்களில் வேலை செய்யும். போத்தலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று, தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றவே வேண்டாம். ஒரு தடவைக்குக் கால்வாசி போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பக்டீரியா செத்துப்போகும், பிறகு அந்த அமோனியாவே மீனைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள்.

மீன் செத்த நாளில் மொட்டைமாடித் தாங்கியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்களா என்று காவலாளியிடம் கேட்டுப் பாருங்கள். தாங்கியைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீரில் குளோரின் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும், செடிக்குக்கூட ஆகாது, மணம் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டு வழியவிடுங்கள்.