சூடானதும் நின்றுவிடும் பழைய வண்டி: ஆறுவதற்குள் பார்த்துவிடுங்கள்

கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார், அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு வழியில் நின்றுவிடுகிறது, செல்ஃப் சுற்றுகிறது ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது, பேட்டரியும் பிளக்குகளும் மாற்றியாகிவிட்டது, அடுத்து எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. உங்களுடையது சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறு. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும், ஆறிய பாகத்தை எத்தனை முறை சோதித்தாலும் நல்லதாகத்தான் காட்டும், அப்புறம் குத்துமதிப்பாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். வண்டி நின்ற இடத்திலேயே, ஓரங்கட்டியதும், பிளக்குக்குக் கரண்ட் வரவில்லையா, இன்ஜினுக்குப் பெட்ரோல் வரவில்லையா என்று பார்த்துவிடுங்கள்.

நின்ற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுவை குறைந்து, திணறி, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி நின்றால் பெட்ரோல் பக்கம்.

முதலில் பெட்ரோல். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் உள்ளே பெட்ரோல் இருக்கிறது, மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு கரண்ட் பக்கம் போகலாம். வரவில்லையா, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அந்த வெற்றிடத்தை மீறி பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. அதுவும் இல்லையென்றால் சூட்டில் பைப்பிலோ பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கலாம். பம்ப் மேலும் பைப் மேலும் ஈரத்துணி போட்டு, வழக்கத்தை விடச் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள்.

கரண்ட் பார்க்க, நீங்கள் கழற்றிய பழைய பிளக்குகளில் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி அதில் இதை மாட்டி, மரையுள்ள உலோகப் பகுதி இன்ஜினின் இரும்பில் அழுத்தமாகத் தொடும்படி கிளிப் போட்டு வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்கக் கூடாது, பல ஆயிரம் வோல்ட் வரும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பொறி நீலமாக, சட் சட்டென்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மங்கலான ஆரஞ்சு நிறமாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு இந்தப் பக்கம்தான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும் காயில் மேல்தான் முதல் சந்தேகம். உள்ளே முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும், எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முன்பு யாராவது காயில் மாற்றியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய, சுமார் 1.5 ஓம் மின்தடையுள்ள காயிலை நேராக 12 வோல்ட்டில் கொடுத்துவிட்டால் அது கொதித்துப்போகும். ரெசிஸ்டர் இல்லாத பாயிண்ட் வண்டிக்கு 3 ஓம் அளவில் வேண்டும். (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து, காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்தான் பாயிண்ட்.) புதுக் காயில் வாங்கும் முன், நின்ற நிலையிலேயே சாவியை ஆனில் வைத்து காயிலின் பாசிட்டிவ் முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப்பால் (ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள சிறு பல்பு) பாருங்கள். வரவில்லையென்றால் கோளாறு சாவி சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. வந்தால், லேம்ப்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைக் காயிலின் நெகட்டிவில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள்: விட்டு விட்டு மின்னினால் பாயிண்ட் வேலை செய்கிறது, பெரும்பாலும் மிச்சம் காயிலும், பாயிண்ட்டோடு சேர்த்து மாட்டியிருக்கும் கண்டென்சரும்தான். மின்னாமல் அப்படியே இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும்.

இதே தொல்லை, கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சச் செய்யும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் வந்தால், நான் முதலில் இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாரையும், பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான பெட்ரோல் பம்ப் ரிலேயையும் பார்ப்பேன். சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் ஓரிரு நொடி ம்ம் என்று பம்ப் சத்தம் பெரும்பாலான வண்டிகளில் கேட்கும். கேட்கவில்லையென்றால், அதே வகை ரிலே ஹாரனுக்கும் போட்டிருந்தால் அதைக் கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள்.