தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த எலும்பு மனிதனுடையதா?

கோத்தகிரியில் கிடைத்த எலும்பின் படத்தை அனுப்பி, இரண்டு பக்கமும் துளை இருப்பதால் மனிதக் கழுத்தெலும்போ என்று கேட்டிருந்தீர்கள். மனித எலும்பு இல்லை. நீங்கள் சொல்லும் நாலு விரல் நீள உடல்பகுதி (முள்ளெலும்பின் நடுவில் உள்ள கனத்த பகுதி), ஒரு முனையில் உருண்டை, மறுமுனையில் குழி: இது பெரும்பாலும் மாட்டினத்தின் கழுத்து முள்ளெலும்பு. கோத்தகிரித் தேயிலைச் சரிவு என்பதால் காட்டெருமையாக இருக்கலாம். ஆனால் படத்தை மட்டும் வைத்து நாட்டு மாடா, காட்டெருமையா என்று நான் பிரிக்க மாட்டேன்.

உங்களைக் குழப்பியது இரண்டு பக்கமும் உள்ள துளைகள்தான். பாடப்புத்தகத்தில் மனிதக் கழுத்தெலும்பின் அடையாளமாக அதைத்தான் போட்டிருப்பார்கள். மனித முதுகெலும்புத் தொடருக்குள் கழுத்தைப் பிரித்தறிய அது சரியான அடையாளம். ஆனால் அந்தத் துளைகள் கழுத்து வழியே மேலேறும் தமனிக்கான பாதை. மாடு, ஆடு, மான் எல்லாவற்றுக்கும் உண்டு. கழுத்தில் 7 எலும்பு என்பதும் இவற்றுக்கும் நமக்கும் பொதுவே.

கையில் எடுக்காமலே இதைப் பாருங்கள்:

1. உடல்பகுதியின் உயரம். மனிதனுக்கு ஏறக்குறைய ஒன்றரை செ.மீ.தான், தட்டையாக, மேல் விளிம்பின் இரு ஓரமும் சற்றுத் தூக்கியிருக்கும். பந்தும் கிண்ணமும் போன்ற முனைகள் இருக்காது.

2. உடல்பகுதியின் அடிப்பக்கம். நடுவில் கூரான வரப்பு ஓடினால் மனிதனுடையது இல்லை என்பது இன்னும் உறுதி.

3. பின்னால் நீளும் முள். மனிதனுக்கு 2 முதல் 6 வரையுள்ள கழுத்தெலும்புகளில் அதன் நுனி பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும்.

அப்புறம், வகுப்பில் காட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். காட்டெருமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. எலும்பை வைத்திருந்தாலும் சிக்கல். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் மண்டையோட்டுத் துண்டோ துணியோ தெரிந்தால் எதையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.