குடும்ப மரத்துல அப்பா பேர் கட்டம் காலியா இருக்கா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ராத்திரி பத்து வரைக்கும் இருப்பேன். ஒரே ஒரு கண்டிஷன். டி.என்.ஏ டெஸ்ட்ல புதுசா ஒருத்தர் மேட்ச் ஆனவுடனே "நீங்கதான் எங்கப்பாவா"ன்னு மெசேஜ் தட்டிறாதீங்க, அந்த வீட்ல யார் கையில அந்த போன் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

டர்பன் பேத்தி: அக்கா, எங்க கொள்ளுத்தாத்தா 1904ல தென்னாப்பிரிக்காவுல நேட்டால் கரும்புத் தோட்டத்துல பொறந்தவரு. பதிவுல அவங்கம்மா பேரும் நம்பரும் மட்டும்தான், அப்பா இல்ல. தோட்டத்து துரைதான் அப்பான்னு வீட்ல பேசிக்கிறாங்க.

இந்த துரை கதை இல்லாத வீடே இல்லம்மா. கட்டம் காலியா இருந்தா அப்பா யாருன்னு தெரியலன்னு அர்த்தம் இல்ல, எழுத சட்டம் விடலன்னும் இருக்கலாம். 1860 நவம்பர் 16ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து நின்னதுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலியா போனாங்க, ஆளுக்கு ஒரு நம்பர். ஆனா அங்க நம்ம வழக்கப்படி தாலி கட்டினா மட்டும் சட்டத்துக்குக் கல்யாணம் இல்ல, 1891 சட்டப்படி ப்ரொடெக்டர், அதாவது ஒப்பந்தக் கூலிங்கள கவனிக்கிற அதிகாரி, ஆபீஸ்ல பதியணும், நிறைய பேர் பதியல, அதனால புருஷன் பக்கத்துலயே நின்னாலும் பிள்ளை அம்மா பேர்லயே போயிருக்கும். 1913ல கேப் கோர்ட்ல நீதிபதி சர்ல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாதுன்னு சொன்னப்பதான் பொம்பளைங்க சத்தியாகிரகத்துல இறங்கினாங்க, மறுவருஷம் அந்தக் கல்யாணங்கள ஏத்துக்கிற ரிலீஃப் சட்டம் வந்துச்சு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கொள்ளுத்தாத்தா பெரியவரான பிறகு சர்நேமா என்ன பேர் வச்சிருந்தாரு? அங்க அப்பா பேர்தான் பெரும்பாலும் சர்நேமா ஒட்டிக்கிச்சு. அந்தப் பேர்ல, அதே எஸ்டேட்டுக்குப் போன ஆள் யாருன்னு கப்பல் லிஸ்ட்ல தேடுங்க, அதுல தகப்பன் பேர், வயசு, கிராமம், தாலுக்கா வரைக்கும் இருக்கும். அவரும் கொள்ளுத்தாத்தாவோட அம்மாவும் ஒரே கப்பல்ல வந்திருக்கணும்னு இல்ல. அப்புறம் கொள்ளுத்தாத்தாவோட டெத் நோட்டீஸ், அதாவது அவர் இறந்தப்ப கொடுத்த படிவம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துல சொத்து ஃபைலோட கிடைக்கலாம், அதுல அப்பா அம்மா பேர் கேட்டிருப்பாங்க. துரைய கடைசியா வச்சுக்கோங்க.

கிள்ளான் தம்பி: என் பாட்டியோட பர்த் செர்ட்ல அப்பா இடத்துல "மக்லுமாத் திடாக் டிபெரோலேஹி"ன்னு இருக்கு.

தகவல் கிடைக்கலங்குறதுதான் அர்த்தம். மலேசியாவுல 1957 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல 13வது பிரிவு, கல்யாணம் பதியலன்னா அம்மாவும் அப்பாவும் சேந்து கேட்டாதான் அப்பா பேர் ஏறும். மேல சொன்ன அதே கதைதான். எஸ்டேட் செக்ரோல் (வேலையாள் வருகைப் பதிவு), ஸ்கூல் ரிஜிஸ்டர் பாருங்க.

வாசகர்: டெஸ்ட்ல 3 பர்சன்ட் ஐரோப்பா காட்டுது, துரை ரத்தம்தானே?

இல்ல. அந்த மாதிரி சின்ன பர்சன்ட் கணக்குப் பிழையாவும் இருக்கலாம், அத மட்டும் வச்சு சொல்ல முடியாது.

மதுரைப் பொண்ணு: அக்கா ரொம்ப பயமா இருக்கு. என் கூட வளந்த அத்தை மக எனக்கு அரை சகோதரின்னு ரிசல்ட் சொல்லுது, 1720 சென்டிமார்கன் (ஒத்துப்போற டி.என்.ஏ அளவு). எங்கப்பா மேல சந்தேகமாயிடுச்சு, வீட்ல சண்டை.

சண்டைய நிறுத்துங்க. ஒரு கேள்வி, அத்தையைக் கட்டினவர் உங்கம்மாவுக்கு அண்ணன் தம்பியா?

மதுரைப் பொண்ணு: ஆமா, அண்ணன். பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தது.

அதான். அவ உங்களுக்கு அத்தை மகளும் மாமன் மகளும். ரெண்டு பக்கத்துலயும் சொந்தம்னா சராசரியா கால்வாசி ஒத்துப்போகும், அரை சகோதரிக்கும் அதே கால்வாசிதான். கம்பெனிக்காரன் நம்ம கல்யாண முறையெல்லாம் பாத்து லேபிள் ஒட்டல. உறுதியா பாக்கணும்னா எக்ஸ் குரோமோசோம் பாருங்க, ஒரே அப்பாவுக்குப் பொறந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு அப்பாவோட எக்ஸ் முழுசா அப்படியே வந்திருக்கும். டெஸ்ட் கம்பெனி தர்ற ரா டேட்டாவ ஜெட்மேட்ச்னு டி.என்.ஏ ஒப்பிடுற வெப்சைட்ல ஏத்தினா தெரியும்.

மண்ணின் மைந்தன்: சொந்தத்துல கட்டுறத கேவலப்படுத்துறீங்க.

எங்க சொன்னேன் அப்படி? எங்கம்மாவே தாய்மாமனைத்தான் கட்டினாங்க. கணக்கு மாறும்னு சொன்னா கேவலமா?

மண்ணின் மைந்தன்: வெள்ளைக்காரன் கணக்குக்கு நம்மள எதுக்கு அடிக்கணும்?

சரி, எச்சில் துப்பி அவனுக்கு அனுப்பாதீங்க.

லேப்காரன்: எக்ஸ் வேண்டாம், அம்மா வழி, அப்பா வழி ரெண்டு இழையும் ஒரே இடத்துல ஒத்துப்போற பகுதி இருக்கான்னு பாத்தா போதும். இரட்டை சொந்தத்துக்கு அது இருக்கும், அரை சகோதரிக்கு இருக்காது.

அது அம்மாங்க ரெண்டு பேரும், அப்பாவும், ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லாத ஊர்ல. இங்க அந்த ரெண்டு அம்மாங்களும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்னா அரை சகோதரிக்கும் அது வரலாம்.

லேப்காரன்: ஒத்துக்கிறேன். ஆனா உங்க எக்ஸ் விதி ஆம்பளைக்குச் செல்லாது.

செல்லாது, அதச் சொல்லாம விட்டது என் தப்பு. ஆம்பளைக்கு அப்பாகிட்ட இருந்து எக்ஸே வராது. ரெண்டு பேரும் ஆம்பளைன்னா ஒய் குரோமோசோம் பாக்கலாம், ஆனா சித்தப்பா பெரியப்பாவுக்கும் அதே ஒய்தான், ஆளைக் காட்டாது, வம்சத்தத்தான் காட்டும்.

வாசகர் 2: 5 பர்சன்ட் பிரிட்டிஷ் வந்தா...

மேல படிங்க.

பரங்கிமலை: 1820கள்ல மெட்ராஸ்ல ஞானஸ்நானம், அப்பா பேர் இல்ல.

லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் பதிவுகள், மெட்ராஸுக்கு என்/2 வரிசை. மெட்ராஸ்ல 1780கள்ல தொடங்கின அனாதை இல்லங்களும் பாருங்க, வெள்ளைக்கார சிப்பாய்ங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்க நிறைய பேர் அங்க வளந்தாங்க.

பேர் வேண்டாம்: அம்மாவுக்கு 71. கேட்டா எழுந்து உள்ள போயிடுறாங்க.

பேர் கேக்காதீங்கம்மா. அப்ப எங்க வேலை பாத்தீங்க, எந்தத் தெருவுல இருந்தீங்க, கூட யார் இருந்தாங்கன்னு கேளுங்க, சமையக்கட்டுல ஏதாவது நறுக்கிக்கிட்டே. டெஸ்ட் எடுத்தா அவங்ககிட்ட சொல்லிட்டு எடுங்க, வெளியாள் மூலமா அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

டர்பன் பேத்தி: அக்கா! சர்நேம்ல ஒருத்தர் அதே எஸ்டேட்டுக்கு 1899ல வந்திருக்காரு!

தகப்பன் பேர், கிராமம் குறிச்சுக்கோங்க. இன்னும் ட்ரீல ஏத்தாதீங்க. முனுசாமி, ராமசாமின்னு எஸ்டேட்டுக்கு பத்து பேர் இருப்பாங்க, டெத் நோட்டீஸ் வரட்டும்.