வாய்ப்பேச்சில் வேலை, அப்ரைசலில் மூன்று

கேள்வி: ஐடி கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேனேஜர் எதையும் மெயிலில் சொல்ல மாட்டார். லிஃப்ட் அருகே ஒன்று சொல்வார், ராத்திரி பத்து மணிக்கு போனில் அதையே மாற்றுவார். க்ளையன்ட் கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். வருடம் முழுக்கப் பாராட்டிவிட்டு அப்ரைசலில், அதாவது வருடாந்திர மதிப்பீட்டில், சுமாரான ரேட்டிங்கான மூன்று போட்டுவிட்டார். கேட்டால், "பெல் கர்வ், என் கையில் இல்லை" என்கிறார். எச்.ஆரில் புகார் கொடுக்கலாமா, பேப்பர் போட்டுவிடலாமா மேடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம் அம்மா.

ரேட்டிங் முடிவாகும் கூட்டங்களில் எச்.ஆர். ஆளாக நானே உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு வருவார்கள். மேலே இத்தனை பேர், நடுவில் இத்தனை பேர் என்ற கணக்கு முன்பே வந்திருக்கும். இதைத்தான் உங்கள் மேனேஜர் பெல் கர்வ் என்கிறார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது பிரபலமாக்கிய முறை இது: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட் இதுபோன்ற முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. இங்கேயும் பல கம்பெனிகள் விட்டுவிட்டதாகச் சொல்கின்றன. ஆனால் சம்பள உயர்வுக்கு ஒதுக்கிய பணம் இவ்வளவுதான் என்று இருக்கும்வரை யாரையாவது இறக்கத்தான் செய்வார்கள். ஒருவரைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். யார் செய்த வேலைக்கு எழுத்தில் ஒன்றும் இல்லையோ, அவர் பெயர்தான் முதலில் இறங்கும். எத்தனை பேரை இறக்குவது என்பது உங்கள் மேனேஜர் கையில் இல்லை, உண்மைதான். யாரை என்பது அவர் கையில்தான் இருந்தது.

அதனால் அவர் எழுதாததை நீங்கள் எழுதுங்கள். வாயால் ஒரு வேலை சொன்னால் அன்றைக்கே ஒரு சின்ன மெயில்: "சார், மாலை பேசியபடி பேமென்ட் மாட்யூல் டெஸ்டிங்கை நிறுத்திவிட்டுப் புது ரிலீஸை எடுக்கிறேன். பழையது வெள்ளிக்குப் பதில் அடுத்த புதன்கிழமைதான் முடியும். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு அது இருக்கும். எதனால் எது தள்ளிப்போகிறது என்ற வரியை மட்டும் விடாதீர்கள், பழி வருவது எப்போதும் அங்கேதான். குரலில் கோபம் வேண்டாம், அவருடைய மேலதிகாரியை சிசி-யில் போடவும் வேண்டாம். போட்டால் வேலையைப் பற்றிய மெயில் சண்டையாகிவிடும். அடுத்த முறை அவர் பாராட்டும்போதே, "இதை மிட் இயர் ரிவ்யூவில் எழுதிவிடுவீர்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.

ஆபீஸ் மெயில்களை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். ஆதாரம் சேர்ப்பதாக நினைத்துத்தான் பலரும் செய்கிறார்கள். அதில் க்ளையன்ட் தகவல் இருந்தால் தகவல் பாதுகாப்பு விதியை மீறியதாக உங்கள் மேலேயே நடவடிக்கை வரும். எந்தத் தேதியில் என்ன முடித்தீர்கள் என்று பொதுவாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

இரவு போன் விஷயம்: க்ளையன்ட் அமெரிக்காவில் இருந்தால் நமக்குப் பத்து மணி அவர்களுக்குப் பகல், அந்த அழைப்புகளைத் தவிர்க்க முடியாது. மேனேஜர் தானாக அழைப்பது வேறு. "காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன் சார்" என்று மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எச்.ஆரிடம் இன்று போனால், "சொன்னார், இல்லை என்கிறார்" என்பதைத் தவிர உங்களிடம் ஒன்றுமில்லை. அந்தப் புகார் சுற்றி அவரிடமே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். சில மாத மெயில்களோடு போங்கள், அப்போது கேட்பார்கள்.

அப்புறமும் மாறவில்லை என்றால் உள்ளேயே வேறு ப்ராஜெக்ட் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வெளியே தேடுங்கள், தப்பில்லை. ஆஃபர் லெட்டர் கையில் வந்தபிறகு பேப்பர் போடுங்கள். பல ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். புதுக் கம்பெனி அவ்வளவு நாள் காத்திருக்குமா, இல்லை மீதி நோட்டீஸ் நாட்களுக்காகப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பைஅவுட் பணத்தைத் தருமா என்பதை மெயிலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.