தங்கை சொன்னால் மட்டும் எப்படிக் கேட்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. காது டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், இரண்டு காதும் நார்மல். ஆனால் எதைச் சொன்னாலும் 'என்னது?' என்பான். ஒன்றைக் கேட்டால் வேறொன்றை எடுத்து வருவான். கடைசியில் ஒரு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) 'ஆடிட்டரி பிராசஸிங் டிஸார்டர்' என்று சொல்லிவிட்டார். என் கணவர் இதை நம்பவில்லை. 'வேண்டியது மட்டும் கேட்கிற காது' என்கிறார். சமையலறையிலிருந்து நான் நாலு தடவை கத்தினாலும் அசையாதவன், எட்டு வயதுத் தங்கை போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னால் உடனே செய்கிறான். நல்லவேளை, அவள் இருப்பதால் சமாளிக்கிறோம். போன வாரம் அவள் தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் வீடே ரணகளமாகிவிட்டது. இனி அவளை அப்படி அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இவன் எப்போது சரியாவான்?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காதில் விழும் சொல்லை மூளை பிரித்தறியத் திணறுவதுதான் இந்தக் குறை. இதற்கு மாத்திரை கிடையாது. வயது ஏற ஏற மூளையில் கேட்டறியும் பாதை முதிரும். பயிற்சியில் சில பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள். சிலர் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் சத்தமான இடத்தில் திணறுவார்கள். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பிறந்தநாள்தான். போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். அதை நான் மூன்று முறை படித்தேன்.

நீங்கள் சொல்லிக் கேட்காதவன் தங்கை சொல்லி எப்படிக் கேட்கிறான் என்று ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்தீர்களா? நீங்கள் கத்துவது சமையலறையிலிருந்து. நடுவில் சுவர், திறந்த குழாய், ஓடும் டிவி. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தூரம் இரண்டு மடங்கானால் வாயிலிருந்து நேராகப் போகும் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். இரைச்சல் அப்படியேதான் இருக்கும். உங்கள் மகளோ அவன் பக்கத்தில் போகிறாள். சட்டையை இழுக்கிறாள். அவன் திரும்புகிறான், அவள் உதடு அசைவது கண்ணுக்குத் தெரிகிறது. 'அண்ணா, அம்மா தண்ணி கேக்குறாங்க.' அவ்வளவுதான். 'அதை எடுத்து வை, அப்படியே கதவைச் சாத்து, நோட்டை எங்கே வைத்தாய்' என்று ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்ல அவளுக்குத் தெரியாது. ஆடியாலஜிஸ்ட் உங்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பாரோ, அதை அந்தக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நீங்கள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

கத்துவதால் என்ன நடக்கிறது தெரியுமா? 'பல்', 'கல்' இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்து. அது சில பத்து மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். குரலை உயர்த்தினால் உயிரொலிதான் வலுத்து நீளும், மெய்யொலி அந்த அளவுக்கு வலுக்காது. நீங்கள் கத்தக் கத்த அவனுக்குப் போய்ச் சேருவது ஒரு பெரிய 'ஆ'. அதோடு உங்கள் கோபமும்.

கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய 'பீப்' கேட்கிறதா என்று பார்ப்பது காது டெஸ்ட். அதில் 20 டெசிபலைக்கூடப் பிடித்துவிடுகிற பிள்ளை, ஒரு காதில் 'மூன்று', மறு காதில் 'எட்டு' என்று ஒரே நேரத்தில் சொன்னால் தடுமாறலாம். இரைச்சலுக்கு நடுவே சொல்லும் வார்த்தை அவனுக்குக் கலைந்துபோகலாம். அது வேறு டெஸ்ட். பொதுவாக ஏழு வயதுக்கு மேல்தான் அதை எடுப்பார்கள். காதில் குறையில்லாமலே கேட்பதில் திணறும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் ஹெல்மர் மைக்கல்பஸ்ட் என்ற ஆய்வாளர் 1954-லேயே எழுதிவிட்டார். காலையில் கேட்டவன் சாயங்காலம் கேட்கவில்லை என்றால் அது நடிப்பு ஆகாது. பள்ளியில் நாள் முழுக்க ஒவ்வொரு வார்த்தையையும் ஊகித்து ஊகித்துக் களைத்து வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் அவனோடு பேசாதீர்கள்.

இப்போது மகளுக்கு வருகிறேன். அண்ணனுக்குத் தங்கை ஒத்தாசை செய்வது நல்ல குடும்பத்தின் லட்சணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் செய்வது ஒத்தாசையைப் பழக்குவது இல்லை. எட்டு வயதுப் பிள்ளையைச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராக வைத்திருக்கிறீர்கள், லீவும் ரத்து! குறை அவளுக்கு இருந்து காது அவனுக்கு இருந்திருந்தால், தோழன் வீட்டுக்குப் போகாதே என்று பையனை நிறுத்தியிருப்பீர்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். பெற்றவர்களின் பொறுப்பைப் பெற்ற பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது. பெண்பிள்ளை தலையில் ஏற்றுவது எல்லோருக்கும் கைவந்த கலையாக இருக்கிறது.

அவனுக்கும் இது நல்லதில்லை. வீட்டில் எல்லோரும் அவளிடம் சொல்லி, அவள் அவனிடம் சொல்வதென்றால், அவனோடு நேராகப் பேசுகிறவர் யார்?

ஆகவே அவள் வேலையை நீங்களும் உங்கள் கணவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். பேசுமுன் டிவியை அணையுங்கள். அவன் முகம் பார்க்கும் இடத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், திட்டுக்குப் பயந்து 'ம்' என்பான். 'நான் என்ன சொன்னேன்?' என்று கேளுங்கள். புரியவில்லையென்றால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். பள்ளிக்கு நேரில் போய், ஆசிரியர் முகம் தெரிகிற முன்வரிசையில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி இடம் கேளுங்கள். வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். ஆசிரியர் சட்டையில் ஒரு சின்ன மைக், பையன் காதில் ஒரு ரிசீவர் என்று வயர் இல்லாமல் இயங்கும் கருவி இருக்கிறது. வகுப்பு இரைச்சலைத் தாண்டி ஆசிரியரின் குரல் நேராகக் காதுக்கு வரும். அவனுக்கு அது சரிப்படுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். நீங்களாகக் காது மெஷின் எதையும் வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

அடுத்த பிறந்தநாள் அழைப்பு வந்தால் மகளை அனுப்பி வையுங்கள். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, 'நீ இல்லாமல் உங்க அண்ணன் என்ன பண்ணினான் தெரியுமா?' என்று ஆரம்பிக்காதீர்கள். கேக் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.